மணிக்கட்டின் நிறம்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே நான் நலம். அப்பாவின் இருமல் குறைந்ததா? உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது?

இரண்டு வருடம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நாலே நாளில் கிளம்பிவிட்டாள் என்று மனதுக்குள் திட்டியிருப்பாய். திட்டிக்கொள். ஆனால் இருபது வருடமாக எனக்குக் கிடைக்காதது அந்த நாலு நாளில் கிடைத்தது. பன்னிரண்டு பிலிம் சுருளையும் கழுவிப் பார்த்துவிட்டேன். ஒன்பது படங்கள் தேறியிருக்கின்றன. எல்லாவற்றிலும் அப்பா, அந்தக் கட்டில், அந்த ஜன்னல். ஐந்தாவது படத்தில் நீயும் இருக்கிறாய், அப்பாவின் கையைப் பிடித்தபடி தலைகுனிந்து. அதற்கு "மகனின் கை" என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஒன்பதையும் பெரிதாகப் போட்டு, கையால் வண்ணம் தீட்டப் போகிறேன். ஆகஸ்டில் கண்காட்சி. அதற்குத்தான் உன் உதவி வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். கேமரா வழியாகப் பார்க்கும்போது எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும், நிறம் மனதில் நிற்காது. நீ தையல்காரன், உன் கண் தப்பாது. போர்வை, சுவர், கட்டிலுக்கு அடியில் இருக்கும் வாளி, உன் சட்டை, இவற்றின் நிறத்தை எழுது.

இன்னொன்று. ஏழாவது படத்தில் அப்பாவின் இடது கை போர்வை மேல் கிடக்கிறது. மணிக்கட்டைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு கருமை. வாட்ச் கட்டிய தடமா? மருந்தா? அது என்ன நிறம்?

மே மாதம் வந்து ஒரு மாதம் இருக்கிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. நீ ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாகச் சேர்ந்ததில் நிம்மதி. அப்பாவுக்கு இருமல் விட்டது, பிடிவாதம் விடவில்லை. நேற்றெல்லாம் நான் அவருக்கு மகனே இல்லை, லாரி கிளீனர். "டேய், எறங்கிப் பின்னாடி பாருடா, ரிவர்ஸ் எடுக்கணும்" என்று ஒரே சத்தம். நானும் கட்டிலுக்குப் பின்னால் போய் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டினேன். வண்டி நகரவில்லை என்று எனக்குத்தான் வசவு.

நாலு நாள் அந்தப் போர்வையின் மேல்தான் உட்கார்ந்திருந்தாய். இப்போது அது என்ன நிறம் என்று கேட்டு எழுதுகிறாய். சரி, எழுதிக்கொள். போர்வை செங்கல் சிவப்பு, ஆனால் இரண்டு வருடம் துவைத்த செங்கல். சுவர் வெளிர்பச்சை, ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஏறிப் பாசி நிறம். வாளி நீலம், அதன் கைப்பிடி வேறொரு வாளியுடையது, அது சிவப்பு. என் சட்டை சாம்பல் நிறம்தான். அதை நீ அப்படியே விட்டுவிடலாம், வேலை மிச்சம்.

டாக்டர் மே ஏழு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "குடலிறக்கத்த வச்சுக்கிட்டு இன்னும் ஆளத் தூக்கறீங்களா? அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார். அப்பா ஐம்பத்தெட்டு கிலோ என்றேன். சிரிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் படுத்திருக்க வேண்டுமாம். நீ மே நாலாம் தேதியே வந்துவிடு. அப்பாவைத் திருப்பிப் போடுவது, சிறுநீர் டியூபின் பையை மாற்றுவது எல்லாம் மூன்று நாளில் பழகிவிடும்.

வேறு விசேஷம் இல்லை. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேலை செய்.

உன் தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலம்தானே?

"இரண்டு வருடம் துவைத்த செங்கல்" என்றாயே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். முதலில் படத்துக்குப் பழுப்பு ஏற்றி, குச்சியில் பஞ்சைச் சுற்றிச் சிவப்பைத் தொட்டுத் தடவி, உடனே வேறொரு பஞ்சால் துடைத்து எடுத்தேன். துடைத்தபின் தாளில் எது மிஞ்சுகிறதோ அதுதான் நிறம். இன்று பார்த்தால் அப்படியே நம் வீட்டுப் போர்வை. வாளியின் கைப்பிடியைப் பார்த்து இங்கே ஒரு தோழி சிரித்தே விட்டாள்.

ஒரு சங்கடம். கண்காட்சியை ஜூனுக்கே மாற்றிவிட்டார்கள். கண்காட்சிக் கூடத்து மேலாளர் அம்மாள் பிடித்த பிடியில் நிற்கிறாள். ஏழு படங்கள் பாக்கி, ஒவ்வொன்றும் காய ஒரு வாரம் ஆகும். மே மாதம் என்னால் அசைய முடியாது. ஜூலையில் கட்டாயம் வருகிறேன். டாக்டரிடம் சொல்லி நாளை மாற்றிக்கொள், அவசர ஆபரேஷன் இல்லையே.

எல்லா நிறமும் எழுதினாய், மணிக்கட்டைப் பற்றி மட்டும் ஒன்றுமே எழுதவில்லை. மறந்துவிட்டாயா?

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவும் நலம்.

மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியின் நிழலாக இருக்கும்.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "ஜூலைன்னா ஜூலை, உங்க வயிறு, உங்க இஷ்டம்" என்றார். வயிற்றுக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பாவைத் தூக்குகிறேன்.

பள்ளிச் சீருடை தைக்கும் காலம், தலைக்கு மேல் வேலை. இதோடு முடிக்கிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? அப்பா சாப்பிடுகிறாரா?

நிழல் என்று எழுதியிருந்தாய். நான் பிழைப்பதே நிழலை வைத்துத்தான், என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா? அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. அந்த நாலு நாளும் அதில் வெயிலே விழவில்லை. வெயில் இல்லாமல் கம்பிக்கு நிழல் ஏது?

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம், ஓரம் சீராக இருக்கிறது, நடுவில் நெய்த துணியின் வரிகள் பதிந்திருக்கின்றன. அது கட்டிய தடம்.

படம் முழுவதையும் முடித்துவிட்டேன். மணிக்கட்டை மட்டும் வண்ணம் போடாமல் வைத்திருக்கிறேன். நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவை யார் கட்டினார்கள்? உன்னைத் தவிர அந்த வீட்டில் யாரும் இல்லையே.

உன் அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கை ஊசிக்குப் போய்விடும். இன்று எழுதிவிடுகிறேன்.

ஆமாம், நான்தான் கட்டினேன்.

ஜனவரியில் அப்பா டியூபை இரண்டு தடவை பிடுங்கினார். அது நழுவாமல் இருக்க உள்ளே பலூன் ஊதி வைத்திருப்பார்கள். அதோடு சேர்த்து இழுத்தால் என்ன ஆகும் என்று நீயே நினைத்துப் பார். போர்வை சிவப்பு, அதனால் ரத்தத்தை நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். டாக்டர் "நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். "தைச்சிட்டு இருந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? வலது கைதான் வாதத்தில் விழுந்துவிட்டது, இடது கையில் இன்னும் ஸ்டியரிங் பிடித்த பலம் இருக்கிறது. அன்றிலிருந்து நான் மெஷினில் உட்காரும் நேரமெல்லாம் அந்தக் கையைக் கட்டிலோடு பைஜாமா நாடாவால் கட்டி வைத்தேன்.

நீ வந்த அன்று காலையில் அவர் இழுத்த இழுப்பில் நாடா இறுகிப் போயிருந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவிழ்த்தேன். நீ உள்ளே வரும்போதே கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் வந்தாய்.

உன் எதிரே கட்ட வெட்கமாக இருந்தது. அதனால் நாலு நாளும் மெஷினைத் தொடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏன்டா இப்படியே உட்கார்ந்திருக்கிறாய் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படம் எடுத்தாய். "மகனின் கை" என்று பெயரும் வைத்தாய். பாசம் இல்லை என்று சொல்லவில்லை அக்கா. ஆனால் அந்தக் கை அன்று நாடாவுக்குப் பதில் இருந்தது, அவ்வளவுதான்.

நீ போனபிறகு அவர் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை தைத்தேன். உள்ளே இரண்டு மடிப்பு மெத்தென்ற பிளானல் துணி, தையல் எல்லாம் வெளிப்பக்கம், தோலில் எதுவும் உரசாது. அதைப் போட்டபின் தடம் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக எதையும் தைத்ததில்லை.

நிறம் கேட்டாய். முதல் நாள் சிவப்பு. நீ ஏழாவது படம் எடுத்தது கடைசி நாள் என்றால், நடுவில் கத்தரிப்பூ நிறம், ஓரம் பச்சை தட்டிய மஞ்சள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஜூலை என்றாய். எந்தத் தேதி?

உன் தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நீ தனியாக எவ்வளவு சுமந்திருக்கிறாய்! அழுது முடித்தபின் ஏழாவது படத்தை எடுத்தேன். நீ எழுதியபடியே போட்டேன். நடுவில் கத்தரிப்பூ, ஓரத்தில் பச்சை தட்டிய மஞ்சள். துடைத்துத் துடைத்து ஐந்து தடவை போட்டபின்தான் வந்தது. உன் கண் பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும்.

முந்தாநாள் கண்காட்சி திறந்தார்கள். ஏழாவது படத்துக்கு முன்னால்தான் கூட்டம். மேலாளர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "மத்த எட்டும் படம். இதுதான் உண்மை" என்றாள். ஒரு வார இதழிலிருந்து வந்து பேட்டி எடுத்தார்கள். கவலைப்படாதே, உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. "இது என் அப்பா, என் வீடு. யார் கட்டியது என்று மட்டும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

வேறு இரண்டு நகரங்களிலும் வைக்கக் கேட்கிறார்கள். மறுக்க முடியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வரப் பார்க்கிறேன். அதுவரை பாரம் தூக்காதே.

உன் அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

அப்பா இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

நான் உனக்கு எழுதியது கடிதம். நீ அதை வண்ணக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டாய்.

மாடி வீட்டு டீச்சர் வார இதழைக் கொண்டுவந்து காட்டினார். முழுப் பக்கம், கலரில். "இது உங்க அப்பா மாதிரியே இருக்கே" என்றார். பிறகு சுவரைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். காப்பி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார். யார் என்று சொல்ல மாட்டேன் என்று பெரிய மனசோடு சொன்னாயே, இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவர் கட்டப்பட்டவர். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாயா வேண்டும்? சீருடைக்குக் கொடுத்த துணியை, நான் வெட்டும் முன்பே மூன்று பேர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

யாரோ மனுப் போட்டு, சமூக நல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பத்திரிகைப் பக்கத்தை வெட்டிக் கோப்பில் வைத்திருந்தார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. பட்டையை நானே எடுத்துக் காட்டினேன். அந்த அதிகாரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத நீங்களே தைச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

"அப்போ ஆத்திரத்துல செஞ்சதில்ல. யோசிச்சு, அளவெடுத்து செஞ்சிருக்கீங்க."

உறைக்குள் போட்டு அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு தடவை வருவார்களாம். அப்பாவைக் காப்பகத்துக்கு மாற்றுவது பற்றி அப்போது முடிவு செய்வார்களாம்.

ஒரே ஒரு கடிதம் அவர்களுக்கு எழுது. நீ அவருடைய மகள். நாலு நாள் கூட இருந்தாய். அப்பா சுத்தமாக இருந்தார், வயிறாரச் சாப்பிட்டார், முதுகில் ஒரு புண் இல்லை, தம்பி நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று எழுது. நீ சொன்னால் கேட்பார்கள். இதுவரை உன்னிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 1

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கோபம் புரிகிறது.

நாலைந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலு நாளும் நான் படம்தான் எடுத்தேன். நீ அவரை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பார்க்காததைப் பார்த்ததாக எப்படி எழுதுவது? ஏழாவது படத்தைப் பற்றி நானே மாற்றிப் பேசினால், ஒன்பது படமும் பொய் என்பார்கள். அந்தப் படங்கள் இப்போது என் கையில் மட்டும் இல்லை.

காப்பகம் என்றால் எதற்கு இந்தப் பயம்? நர்ஸ்கள் இருப்பார்கள், ஆயாக்கள் இருப்பார்கள். நீயும் நிம்மதியாக ஆபரேஷன் செய்துகொள்ளலாம். நிதானமாக யோசித்தால் எல்லாருக்கும் நல்லதுதான்.

மருந்தை விடாமல் சாப்பிடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

பன்னிரண்டாம் தேதி அப்பாவை அழைத்துப் போய்விட்டார்கள். அலுவலக வண்டியில் முன்சீட்டில் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்தார்.

காப்பகத்திலும் இடது கையைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பட்டைத் துணி, பிளானல் கிடையாது. ஆயா சொன்னாள், "இங்க எல்லாருக்கும் அப்படித்தான் சார். இல்லன்னா டியூபப் புடுங்கிருவாங்க." பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டுகிறார்கள், அதனால் அது சிகிச்சை. என் பட்டையைத் திருப்பிக் கொடுத்தால் அதையாவது போடலாமே என்று கேட்டேன். அது சாட்சிப் பொருளாம்.

பார்க்கும் நேரம் மூன்றிலிருந்து நாலு. அந்த ஒரு மணி நேரம் அவிழ்க்கச் சொல்லி, நான் கையைப் பிடித்துக்கொள்வேன். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளியும்.

நாளை மறுநாள் எனக்கு ஆபரேஷன். மூன்று வாரம் போக முடியாது. நீ ஒரு நாளாவது போய் அவர் பக்கத்தில் உட்கார். அவிழ்த்தால் கையை விடாதே. கிளம்பும்போது ஆயாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பு.

தம்பி


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். தையல் பிரித்தாயிற்றா?

எட்டாம் தேதி அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பக்கம் கண்காட்சிக்காகப் போனபோது நடுவில் அரை நாள் கிடைத்தது. உன்னைப் பார்க்க வர முடியவில்லை, ஆறு மணிக்கு ரயில்.

கட்டி வைத்திருந்ததைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. "நான் பொண்ணு, பாத்துக்கறேன்" என்று சொல்லி அவிழ்க்க வைத்தேன். என்னை யார் என்று தெரியவில்லை, ஆனால் சிரித்தார். கட்டில்லாத கை வெள்ளை விரிப்பின் மேல் அப்படியே விரிந்து கிடந்தது. ஜன்னலிலிருந்து ஒரு வெளிச்சம் அதன்மேல். நான் இதுவரை எடுத்ததில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆறு படம் எடுத்தேன். பிறகு தூங்கிவிட்டார். எழுப்ப மனம் வராமல் சத்தம் போடாமல் வந்துவிட்டேன்.

நிம்மதியாக இருக்கிறார். நீயும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அக்கா


செப்டம்பர் 30

உன் கடிதம் கிடைத்தது.

தையல் பிரித்துவிட்டார்கள். மூன்று வாரம் படுத்தே இருந்தேன். தூக்குவதற்கு யாரும் இல்லாததால் சீக்கிரம் ஆறிவிட்டது என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம்.

ஆறு படம் எடுத்ததாக எழுதியிருக்கிறாய். கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டும். நீ அவர் கையை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாய் என்று இதிலேயே தெரிகிறது.

அப்பா தூங்கவில்லை. லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கண்ணை மூடுகிற பழக்கம் அவருக்கு உண்டு, பத்து நிமிஷத்தில் விழித்துக்கொள்வார். நீ வெளியே போனது மூன்று நாற்பது என்று காவலாளியின் நோட்டில் இருக்கிறது. நாலு மணிக்கு ஆயா வந்து பார்க்கும்போது டியூப் தரையில் கிடந்ததாம். இந்தத் தடவை விரிப்பு வெள்ளை, அதனால் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்துவிட்டுக் காப்பகத்துக்குத் திரும்பினார். இன்னும் காய்ச்சல் விடவில்லை. இப்போது விழுந்த கையையும் சேர்த்து இரண்டு கையிலும் உறை மாட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

குடும்பத்தார் யாரும் இனிமேல் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். குடும்பத்தார் என்றால் நானும்தான். காப்பக மேலாளரிடம் போய் நின்றேன். "உங்க வீட்டு ஆளுங்களால ஏற்கெனவே ரெண்டு தடவை ஆயிடுச்சு. ஒண்ணு கட்டினது, இன்னொண்ணு அவுத்தது. எங்களால ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனாலும் தினமும் மூன்று மணிக்குப் போகிறேன். இரும்புக் கதவுக்கு வெளியே நிற்பேன். இரக்கம் வந்தால் ஆயா வந்து, சாப்பிட்டார், சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வாள். நேற்றுச் சாப்பிடவில்லை.

சொல்லிவிட்டுத் திரும்பியவள் நின்று கேட்டாள். "அன்னிக்குப் பொண்ணுன்னு சொல்லிட்டு வந்தாங்களே ஒரு அம்மா, அவங்க நெசமா உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"படம் எடுக்கறவங்க" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.